மொட்டை மாடியில் சிறு தொலைநோக்கி: நிறுத்துவது முதல் உறையிடுவது வரை

கையடக்கத் தொலைநோக்கி வாங்கியவர்களுள் பலர் ஓரிரு வாரங்களில் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். அதற்குக் கருவியின் குறை காரணமாவது அரிது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளத்தில் பொழுது சாய்ந்ததுமே கருவியை நிறுத்துவது, தேடுநோக்கியை நேர்ப்படுத்தாமலே வானில் துழாவுவது, எடுத்த எடுப்பில் மிக உயர்ந்த உருப்பெருக்கத்துக்குத் தாவுவது ஆகிய மூன்று பழக்கங்களே பெரும்பாலும் ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடுகின்றன. இம்மூன்றும் பார்க்கத் தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுபவை என்பதால், வானில் என்னென்ன இருக்கின்றன என்பதைக் காட்டிலும், பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே இந்த அதிகாரம் கூடுதல் இடம் தருகிறது.

இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படுவது, 90 மி.மீ. முகப்பு விட்டமும் 1250 மி.மீ. குவியத் தூரமும் உடைய மாக்சுதோவ் வகைத் தொலைநோக்கி. சோவியத் ஒன்றியத்தின் ஒளியியல் வல்லுநர் திமித்ரி மாக்சுதோவ் 1941இல் வகுத்த இந்த அமைப்பில், முன்புறத்தில் தடித்த பிறைவடிவ வில்லை ஒன்றும் பின்புறத்தில் குழியாடி ஒன்றும் அமைந்து, ஒளி குழாய்க்குள் முன்னும் பின்னுமாக மடங்கிச் செல்வதால், ஒன்றேகால் மீட்டர் குவியத் தூரம் ஒரு முழத்துக்கும் குறைவான குழாய்க்குள் அடங்கிவிடுகிறது. 70 அல்லது 80 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி, மேசைமேல் வைக்கும் சிறு டாப்சோனியன் ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்குழலே கண்ணருகு வில்லை. கடைகளில் இது ஐபீஸ் என்றே கேட்கப்படுகிறது. தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 25 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 50 மடங்கு, 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 125 மடங்கு. முகப்பு விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2 மடங்கு என்பதே பயனுள்ள உச்ச வரம்பாகக் கருதப்படுவதால், 90 மி.மீ. கருவியின் எல்லை 180 மடங்கு. அட்டைப்பெட்டியில் 500 மடங்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அந்த எல்லை மாறுவதில்லை. அதற்குமேல் போனால் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது. மங்கலும் காற்றின் நடுக்கமும்தான் கூடும்.

ஒரே நேரத்தில் தெரியும் வான்பரப்பின் அகலம் பார்வைப் புலம் எனப்படுகிறது. 25 மி.மீ. வில்லையில் இது ஏறத்தாழ 1 பாகை, அதாவது முழுநிலவைப் போல் இரண்டு நிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அகலம். 10 மி.மீ. வில்லையில் நிலவு ஒன்றுகூட முழுமையாக அடங்காது. எதைத் தேடுவதாயினும் 25 மி.மீ. வில்லையிலேயே தொடங்க வேண்டும் என்று இந்நூல் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதனால்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டின் நகர வீடுகளில் மொட்டை மாடிதான் இயல்பான வான்நோக்கு மேடை என்றாலும், அதற்கே உரிய மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது சூடு. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், கதிரவன் மறைந்து மணிக்கணக்கில் ஆன பின்னும் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருப்பதால், தளத்துக்குச் சற்று மேலுள்ள காற்று ஓயாமல் அலைகிறது. அந்த அலைவுக்குள் வியாழனைப் பார்த்தால் அதன் விளிம்பு கொதிப்பதுபோல் தோன்றும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு 10 மணிக்கு முன் உயர் உருப்பெருக்கத்தை நம்ப வேண்டியதில்லை. தளத்தில் தண்ணீர் தெளித்தால் சூடு விரைவில் தணியும் என்பது உண்மையே, ஆனால் எழும் ஈரப்பதம் வில்லையில் படியும் என்பதால், தெளிப்பதானால் மாலை 5 மணிக்கே தெளித்துத் தளத்தை உலரவிட வேண்டும். விடியற்காலை 4 மணி முதல் 5 மணி வரை கிடைக்கும் காற்றமைதி மாலையில் கிடைப்பதில்லை. எழுந்திருக்க முடிந்தவர்கள் அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது அதிர்வு. தளத்தின் நடுப்பகுதி, வேறொருவர் நான்கடி நடந்தாலே அதிர்கிறது; 125 மடங்கில் அந்த அதிர்வும் 125 மடங்காகிவிடும். கீழே சுவரோ தூணோ உத்தரமோ இருக்கும் பகுதிக்கு நேர்மேலாக முக்காலியை நிறுத்தினால் இது பெருமளவு குறையும். தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடும்போது உயர் உருப்பெருக்கத்தில் பார்க்க முற்படுவது வீண். தொட்டியை முன்கூட்டியே நிரப்பிவிடுவது நல்லது. முக்காலியின் கால்களை இயன்றவரை குட்டையாக வைத்து, ஒரு முக்காலிப்பலகையிலோ நாற்காலியிலோ அமர்ந்து பார்க்க வேண்டும்; நடுவிலுள்ள தட்டிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிட்டால் மெலிந்த முக்காலியும் ஓரளவு நிலைபெறும்.

மூன்றாவது வெளிச்சம். தெருவின் எல்இடி விளக்கை அணைக்க வழியில்லை என்றாலும், அதன் ஒளி கண்ணில் நேராக விழாமல் தடுக்க வழியுண்டு. படிக்கட்டு அறையின் சுவரையோ தொட்டியின் மறைவையோ பயன்படுத்தலாம். கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிடலாம். அதுவும் இயலாதபோது தலைமீது ஒரு கருப்புத் துணியைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம். தெருவே இருளும் மின்வெட்டு நேரம் வானோக்குபவருக்கு மட்டும் அனுகூலமானது.

வீட்டுக்குப் பின்னால் மண்தரையோ புல்தரையோ இருப்பின், சூட்டைப் பொறுத்தவரை அது மாடியைவிட மேல். ஆனால் தென்னை மரத்தடியில் கருவியை நிறுத்தக் கூடாது. காரணம் விளக்க வேண்டியதில்லை.

*பாதுகாப்பு:* கைப்பிடிச் சுவர் இடுப்பளவுக்குக் குறைவாக உள்ள மாடியில், விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். அண்ணாந்து பார்த்தபடி பின்னோக்கி அடியெடுத்து வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு என்பதையும், இருளில் விளிம்பு தெரியாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பாசி படிந்த தளத்திலும், தொலைவில் மின்னல் தெரியும் இரவுகளிலும் கருவியை வெளியே எடுக்கலாகாது.

பகலில் செய்ய வேண்டியது: தேடுநோக்கியை நேர்ப்படுத்துதல்

தொலைநோக்கிக் குழாயின் மேல் பொருத்தப்படும் சிறு குறிபார்ப்பானே தேடுநோக்கி. சில கருவிகளில் அது குறுக்குக் கம்பியிட்ட சிறு தொலைநோக்கியாகவும், சிலவற்றில் கண்ணாடித் துண்டில் செம்புள்ளியைக் காட்டும் விளக்காகவும் இருக்கும். தேடுநோக்கியும் முதன்மைக் குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்குமாறு செய்யும் வேலையை இருளில் முயல்வதைவிடப் பகலில் முடித்துவிடுவது எளிது.

1. கதிரவனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கதிரவன் இருக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில், குறைந்தது ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அசையாத பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோயில் கோபுரத்தின் கலசமோ செல்பேசிக் கோபுரத்தின் நுனியோ ஏற்றது. பக்கத்துத் தெருவிலுள்ள பொருளில் நேர்ப்படுத்தினால், இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியின் காரணமாக வானில் குறி தப்பும்.
2. 25 மி.மீ. வில்லையைப் பொருத்தி, முதன்மைக் குழாயிலேயே அந்தப் பொருளைத் தேடிப் பிடித்து, குவியத்தைச் சரிசெய்து, புலத்தின் நடுவில் நிறுத்திப் பிடிதிருகை இறுக்க வேண்டும்.
3. குழாயைத் தொடாமல், தேடுநோக்கியின் இரண்டு அல்லது மூன்று திருகுகளைத் திருகி, அதன் குறுக்குக் கம்பியை அல்லது செம்புள்ளியை அதே நுனியில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.
4. மீண்டும் முதன்மைக் குழாயில் பார்த்து, பொருள் நடுவிலிருந்து நகரவில்லை என்பதை உறுதிசெய்த பின், 10 மி.மீ. வில்லையை மாற்றி மேற்கண்ட படியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கோபுரம் இடவல மாறாகத் தெரிவது பிழையன்று. குழாயின் பின்புறத்தில் ஒளியைச் செங்குத்தாக மடக்கும் டயகனல் என்னும் சிறு கண்ணாடி, உருவத்தை நிமிர்த்தினாலும் இடவலத்தை மாற்றிவிடுகிறது. இரவில் வரைபடத்தோடு ஒப்பிடும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

*குறிப்பு:* செம்புள்ளித் தேடுநோக்கியை அணைக்க மறந்தால் அதன் பொத்தான் மின்கலம் ஓரிரு நாள்களில் தீர்ந்துவிடும். உபரி மின்கலம் ஒன்றைக் கருவிப் பையிலேயே வைத்திருக்கலாம். மேலும், பட்டப்பகலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மேலாகக் குழாயைத் திருப்புவது வீண் சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், இரவில் அவர்களையே அழைத்து நிலவைக் காட்டிவிடுவதும் நல்லுறவுக்கு வழி.

கதிரவன்: விலக்கில்லாத விதி

முறையான வடிகட்டி இல்லாத தொலைநோக்கி வழியாகவோ தேடுநோக்கி வழியாகவோ கதிரவனை ஒரு கணம் பார்த்தாலும் விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகலாம். விழித்திரையில் வலியுணர்வு கிடையாது என்பதால், பழுது நேரும்போது எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. பின்வருவனவற்றில் எதற்கும் விலக்கு இல்லை.

கண்ணருகு வில்லையின் அடியில் திருகிப் பொருத்தும் சிறிய கருங்கண்ணாடி, சில மலிவான கருவிகளோடு சூரிய வடிகட்டி என்ற பெயரில் வருகிறது. குவிந்த ஒளியின் வெப்பம் முழுவதும் அதன்மீதே இறங்குவதால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடக்கூடும். கிடைத்த அன்றே அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். எக்ஸ்ரே படலம், புகையேற்றிய கண்ணாடி, கிரகணக் கண்ணாடி ஆகிய எவையும் தொலைநோக்கிக்கு உரியவை அல்ல. கிரகணக் கண்ணாடி வெறுங்கண்ணுக்கென்றே செய்யப்பட்டது. குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் வடிகட்டி ஒன்றே ஏற்புடையது. அதையும் ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் பிடித்து ஊசித்துளை உள்ளதா என்று பார்த்து, காற்றில் கழன்றுவிடாதவாறு ஒட்டுநாடாவால் கட்டி, தேடுநோக்கியை மூடியோ கழற்றியோ வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். உருவத்தைத் திரையில் வீழ்த்திக் காட்டும் முறை மாக்சுதோவ் கருவிக்கு ஆகாது. மூடிய குழாய்க்குள் சேரும் வெப்பம் உள்ளிருக்கும் உறுப்புகளைக் கெடுத்துவிடும்.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியே சென்ற கங்கணக் கிரகணத்தைப் போலவே, 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் மீண்டும் ஒன்று தெரியவிருக்கிறது. அத்தகைய நாளில் குழந்தைகள் சூழ்ந்திருக்கும் இடத்தில் தொலைநோக்கியைக் கவனிப்பாரின்றி ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. விடியற்காலையில் பார்ப்பவர்களும், கதிரவன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே இரு மூடிகளையும் போட்டுவிட வேண்டும்.

முதல் இரவின் வரிசை

முதல் இரவுக்கு வளர்பிறை சதுர்த்தி முதல் தசமி வரையுள்ள நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மாலையிலேயே நிலவு வசதியான உயரத்தில் இருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே இதற்குப் போதும்.

1. பார்ப்பதற்கு 45 நிமிடங்கள் முன்னதாகக் கருவியை மாடிக்குக் கொண்டுசென்று வைக்க வேண்டும். குழாய்க்குள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை உருவம் நிலைகொள்ளாது. குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவரும் கருவியின் வில்லை, சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊரில் மாடியை எட்டியதுமே வேர்த்துவிடும். அதைத் துணியால் துடைக்காமல், மூடியைப் போட்டபடியே பையிலோ பெட்டியிலோ அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். குளிர்சாதனம் இல்லாத அறையில் கருவியை வைத்திருப்பதே இதைவிட எளிய வழி.
2. கொசு விரட்டிக் களிம்பைப் பூசுவதானால் இந்தக் கட்டத்திலேயே பூசிக் கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். களிம்பு படிந்த விரல் வில்லையில் பட்டால் எளிதில் போகாது. சில களிம்புகள் நெகிழி உறுப்புகளையும் அரிக்கும். முழுக்கைச் சட்டை அணிவது களிம்பைவிடப் பாதுகாப்பானது. சுருளைக் கொளுத்துவதானால் புகை குழாயின் முன்வாய்ப் பக்கம் போகாதபடி காற்றின் போக்கைப் பார்த்து வைக்க வேண்டும்.
3. 25 மி.மீ. வில்லையைப் பொருத்தி, தேடுநோக்கியின் குறியை நிலவின்மீது வைக்க வேண்டும். இரண்டு கண்களையும் திறந்துவைத்துச் செம்புள்ளியைப் பார்த்தால் குறி எளிதில் அமையும்.
4. குவியத் திருகை மெல்லத் திருகி, நிலவின் விளிம்பு கத்தி முனைபோல் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். மாக்சுதோவில் இத்திருகு உள்ளிருக்கும் ஆடியையே நகர்த்துவதால், திசை மாற்றித் திருகும்போது உருவம் சற்றே பக்கவாட்டில் துள்ளும். கடைசித் திருகலை எப்போதும் ஒரே திசையில் முடிக்கும் பழக்கம் அதைத் தவிர்க்கும்.
5. கையை எடுத்துவிட்டு, நடுக்கம் அடங்க இரண்டு மூன்று நொடிகள் காத்திருந்து பார்க்க வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டே பார்ப்பவர் தம் நாடித்துடிப்பைத்தான் பார்ப்பார்.
6. உருவம் அசைவற்றுக் கூர்மையாக இருந்தால் மட்டும் 10 மி.மீ. வில்லைக்கு மாற வேண்டும். மாறுவதற்கு முன், பார்க்கும் பொருளை நடுவுக்குக் கொண்டுவந்து, அது நகரும் திசைக்கு எதிராகச் சிறிது முன்தள்ளி வைக்க வேண்டும். வில்லையை மாற்றி முடிப்பதற்குள் புவியின் சுழற்சி அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

50 மடங்கில், வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு பொருள் புலத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறத்தாழ 4 நிமிடங்களில் கடந்துவிடும். 125 மடங்கில் ஒன்றரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். இவ்வளவு வேகமாகவா என்ற வியப்பு எல்லோருக்கும் எழுவதே. தாங்கியின் நுண்ணசைவுக் கம்பிகளை ஓரிரு மாலைகள் கையாண்டால் இது தானாகவே கைக்குப் பழகிவிடும்.

இங்கே தாங்கியைப் பற்றி ஒரு சொல். துருவ விண்மீனை நோக்கி அச்சைச் சாய்த்து நிறுத்தும் துருவ அச்சுத் தாங்கி, குளிர்நாட்டு நூல்களில் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. துருவ விண்மீனின் உயரம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், அது சென்னையில் 13 பாகை, மதுரையில் 10 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தூசியிலும் எதிர்வீட்டுச் சுவரிலும் அது மறைந்துபோவதே வழக்கம். தமிழ்நாட்டில் தொடங்குபவர், மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அசையும் எளிய தாங்கியை வாங்குவதே அறிவுடைமை. ஆனால் அதற்கும் ஒரு தொல்லை உண்டு: உச்சிக்கு நேர்மேலே அதைத் திருப்புவது கடினம், கோள்களோ நம் வானில் உச்சியை ஒட்டியே கடந்துசெல்கின்றன. கோள் 40 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும் நேரத்தில் பார்த்து முடித்துவிட வேண்டும். கை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை என்ற கணக்கை வைத்து அந்த உயரத்தை அளந்துகொள்ளலாம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

*வட்டமாகத் தெரியும் விண்மீன்.* பெரிய ஒளித்தட்டும் அதன் நடுவில் கரும்புள்ளியும் தெரிந்தால், புதிதாகப் பார்ப்பவர் அதை ஒரு கோள் என்றோ சனியின் வளையம் என்றோ கொள்வது மிகவும் பொதுவான பிழை. அது குவியம் தப்பிய விண்மீன். கரும்புள்ளி, முன்வில்லையின் நடுவிலுள்ள சிறு ஆடியின் நிழல். தட்டு சிறுத்துக்கொண்டே வரும் திசையில் திருகினால், மிகச் சிறியதாகி ஒரு புள்ளியாகும் இடமே சரியான குவியம். விண்மீன் எந்த உருப்பெருக்கத்திலும் புள்ளியாகவே தெரிய வேண்டும்.

*சன்னல் வழியாகப் பார்ப்பது.* சன்னல் கண்ணாடி உருவத்தைச் சிதைக்கும். கண்ணாடியைத் திறந்துவைத்தாலோ அறையின் சூடு வெளியேறும் வழியிலேயே பார்க்க நேரும்.

*கண்ணுக்கு நேரம் தராதது.* இருளுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். செல்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் போய்விடும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிப் பயன்படுத்த வேண்டும். நிலவுக்கும் கோள்களுக்கும் இது தேவையில்லை.

*மூக்குக் கண்ணாடி.* கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உடையவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத் திருகாலேயே சரிசெய்துகொள்ளலாம். உருளைப்பார்வைக் குறை மிகுந்தவர்கள் கண்ணாடியுடன் பார்ப்பதே நல்லது.

எதைப் பார்க்கலாம்

நிலவைப் பௌர்ணமியன்று பார்ப்பவர் ஏமாறுவார். ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லாமல் அது தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாள்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் பள்ளங்களின் விளிம்புகள் நிமிர்ந்து நிற்கும். 90 மி.மீ. கருவியின் பிரித்துணரும் திறன் நிலவில் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டருக்குச் சமம். எனவே 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளத்தின் படிக்கட்டு போன்ற உட்சுவரும் நடுமலைகளும் தெளிவாகத் தெரியும். மனிதர் விட்டுவந்த எந்தப் பொருளும் தெரியாது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய தென்பகுதியை, மன்சினஸ் பள்ளத்தை அடையாளமாகக் கொண்டு, வளர்பிறையின் ஐந்தாம் ஆறாம் நாள்களில் தேடலாம். நிலவின் விளிம்பை ஒட்டியிருப்பதால் அங்குள்ள பள்ளங்கள் நீள்வட்டமாக நசுங்கித் தோன்றும்.

வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும் அதன் இரு கரும்பட்டைகளும் 50 மடங்கிலேயே தெரியும். அயோ 1.77 நாள்களில் வியாழனைச் சுற்றிவிடுவதால், இரவு 8 மணிக்கு அதன் இடத்தைத் தாளில் குறித்துவிட்டு 10 மணிக்கு மீண்டும் பார்த்தால் இடம் மாறியிருப்பதைக் காணலாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறத்தாழ மறைந்திருந்தது; ஆண்டுதோறும் விரிந்துகொண்டு 2032 வாக்கில் முழுச் சாய்வை எட்டும். செவ்வாயிடம், ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வரும் நெருக்கக் காலம் தவிர மற்ற நாள்களில், எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோள்கள் இல்லாத மாலைகளுக்கு, தென்னிந்தியாவுக்கே வாய்த்த ஓர் எளிய வழி உண்டு. மே மாத நடுவில் இரவு 10 மணி வாக்கில், வடக்கிலிருந்து தெற்காக வானை வெட்டும் ஒரே கோட்டில் மூன்று இலக்குகள் அமைகின்றன.

1. வடக்கே எழுமீன் கூட்டத்தின் வாலில் நடுவிலுள்ள விண்மீன் வசிட்டர். அதை ஒட்டிய மங்கலான விண்மீன் அருந்ததி. திருமணத்தில் பட்டப்பகலில் விரல் நீட்டிக் காட்டப்படும் இந்த இணையை 50 மடங்கில் பார்த்தால், இரண்டும் ஒரே புலத்தில் அடங்குவதோடு, வசிட்டரே 14 விகலை இடைவெளியில் இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து தெரியும். ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு.
2. தெற்கே திரும்பி, உயரத்தில் வெண்ணீல ஒளியுடன் நிற்கும் சித்திரை விண்மீனைப் பிடிக்க வேண்டும். குவியத்தைச் சரிபார்க்க இது உகந்தது.
3. சித்திரைக்கு நேர்கீழே 36 பாகை, அதாவது மூன்றரை முட்டி அளவு இறங்கினால், ஒமேகா சென்டாரி என்னும் கோளக் கொத்து இருக்கும். பல இலட்சம் விண்மீன்கள் பந்தாகத் திரண்ட கூட்டம் கோளக் கொத்து எனப்படும்; வானிலேயே மிகவும் பொலிவானது இதுவே. சென்னையில் ஏறத்தாழ 30 பாகை, நாகர்கோவிலில் 34 பாகை உயரம் வரை எழும் இதை, ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்க்கவே முடியாது.

மூன்றாவது இலக்கு நகரத்தில் மங்கிய பஞ்சுத் திட்டாகவே தெரியும். அதை நேராகப் பார்க்காமல் புலத்தின் ஓரத்தைப் பார்த்தபடி கவனித்தால், மங்கலான ஒளியை நன்கு உணரும் விழித்திரையின் புறப்பகுதியில் உருவம் விழுந்து, கூடுதலாகப் புலப்படும். காவலூர் வானோக்ககம் அமைந்துள்ள சவ்வாது மலை போன்ற இருண்ட இடத்துக்கு எடுத்துச்சென்றால், அதே 90 மி.மீ. கருவியில் அந்தத் திட்டின் ஓரம் தனித்தனிப் பொடிப் புள்ளிகளாக உதிரத் தொடங்கும். சனவரி முதல் மார்ச் வரை, திருவாதிரை விண்மீனை உள்ளடக்கிய ஓரியன் கூட்டத்தில் இடைவாருக்குக் கீழேயுள்ள நெபுலா, நகரத்திலிருந்தே தெரியும். அதன் நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு விண்மீன்களையும் தவறவிட வேண்டாம்.

செல்பேசியைக் கண்ணருகு வில்லையில் பிடித்துப் படமெடுப்பது நிலவுக்கு மட்டுமே நிறைவு தரும். மலிவான பிடிப்பான் ஒன்றும் மூன்று நொடி தாமத வசதியும் போதும். அதற்குமேல் செலவிடுவதைவிட நல்ல 32 மி.மீ. கண்ணருகு வில்லை ஒன்றை வாங்குவது மேல்.

ஈரமும் பூஞ்சையும்

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் சிறு தொலைநோக்கியின் முதல் பகை பூஞ்சை. வில்லைப் பூச்சில் ஒருமுறை படர்ந்துவிட்டால் அதன் தழும்பு போகாது. முன்வில்லை பனியில் நனையாதிருக்க, பழைய யோகா விரிப்பிலிருந்து முகப்பைப் போல் இருமடங்கு நீளமுள்ள ஒரு துண்டை வெட்டிக் குழாயின் முன்வாயில் சுருட்டிக் கட்டினால் போதும். இது பனிக்கூண்டாகவும் தெருவிளக்கின் பக்க ஒளியைத் தடுப்பதாகவும் இரட்டைப் பணி செய்யும்.

1. பார்த்து முடித்ததும், நனைந்த வில்லையை மூடியிட்டுப் பையில் போடக் கூடாது. மூடியில்லாமல், முன்வாய் சற்றுக் கீழ்நோக்கியிருக்குமாறு அறையில் மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் ஒரு மணி நேரம் வைத்து உலர்த்த வேண்டும்.
2. உலர்ந்த பின் மூடிகளைப் போட்டு, காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.
3. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பயன்படுத்தாவிட்டாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மழை ஓய்ந்த மறுநாள் இரவுகளில் தூசியெல்லாம் கழுவப்பட்டு வானம் மிகத் தெளிவாக இருக்கும் என்பதால், அப்போது எடுத்துப் பயன்படுத்திவிடுவதே பெட்டியைத் திறக்க நல்ல சாக்கு.
4. வில்லையில் படிந்த தூசியை ரப்பர் ஊதுகுமிழால் மட்டும் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, மூக்குக் கண்ணாடித் துணி எதுவும் ஆகாது. ஓரளவு தூசி இருந்தாலும் உருவத்தில் வேறுபாடு தெரியாது. விரல்ரேகை பட்டிருந்தால் மட்டும், ஒளிப்படக் கடைகளில் கிடைக்கும் வில்லைத் திரவத்தை மென்தாளில் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைக்க வேண்டும். குழாயைப் பிரித்து உள்ளே துடைக்க முற்படக் கூடாது.